வலிக்காத காதுக்கு எதற்கு ஆபரேஷன்?

ஈரோட்டுப் பக்கம் விசைத்தறிக்கூடம் ஒன்றில் தார்க்குழலில் நூல் சுற்றும் வேலை பார்க்கும் 36 வயதுச் சகோதரி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை எடுத்துவிட்டு, மற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

எட்டு வயதிலிருந்து இடது காதில் சீழ். குளத்தில் குளித்ததால் வந்தது என்று வீட்டில் முடிவுகட்டி, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். வடிவது நிற்கும், சளி பிடித்தால் மறுபடி வரும். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தார்கள். அதன் பிறகும் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றியே காலம் ஓடியிருக்கிறது. இப்போது வடிவது கொஞ்சம்தான், ஆனால் நாற்றம். தலையணை உறையில் வாடை வருகிறது என்று மாமியார் ஜாடையாகச் சொன்னதிலிருந்து தனியாகப் படுக்கிறார். மூன்று மாதமாகத் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. முக்கியமாக, காதைப் பஞ்சால் துடைக்கும்போது அறையே ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறதாம். நரம்பு டாக்டர் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மூளையில் ஒன்றுமில்லை என்று தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார். கடைசியில் ஒரு ஈ.என்.டி. டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, காது ஜவ்வின் மேல்பக்கம் ஓட்டை, உள்ளே கொலஸ்டியடோமா (எலும்பை அரிக்கும் தோல் பை) இருக்கிறது, சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு சீக்கிரம் மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு) ஆபரேஷன் செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. "காது டாக்டர்னா அழுக்கு எடுக்கிறவர்தானே, அவர் எதுக்குத் தலை எலும்பை ட்ரில் போடணும்?" என்று கொழுந்தனார் கேட்கிறார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு இதே ஆபரேஷன் ஆகி வாய் கோணிப்போனது, இருந்த காதும் மந்தமானது என்று பேச்சு. "வலியே இல்லையே டாக்டர், வலிக்காத காதுக்கு எதற்கு ஆபரேஷன்? சொட்டு மருந்திலேயே ஓட்டிவிட முடியாதா? ஆபரேஷனுக்குப் பதிலாக ஊனச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறார். கடைசியாக, ஏழு வயது மகள் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை, என் வியாதி அவளுக்கும் வந்துவிட்டதா என்று ஒரு கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்குப் போகலாம். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே உண்மையானால், ஆபரேஷன் தேவைதான், அதுவும் அடுத்த தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கக்கூடியது அல்ல. ஆபரேஷன் எதற்காக என்பதில்தான் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் குழப்பம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. காது கேட்க வைப்பதற்காக என்று நினைக்கிறீர்கள். அது இரண்டாவது நோக்கம். முதல் நோக்கம், அந்தக் காதால் உங்கள் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது.

இரண்டு வகைச் சீழ்

காதில் சீழ் வடிவதைக் காது டாக்டர்களான நாங்கள் இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். ஒன்று, ஜவ்வின் நடுவில் ஓட்டை. சளி பிடிக்கும்போது, தலைக்குக் குளித்துத் தண்ணீர் போகும்போது, மூக்குச்சளி மாதிரி நிறைய வடியும், பெரிதாக நாற்றம் இருக்காது. தொல்லைதான், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. மருந்து போட்டுக் காயவைத்து, வசதிப்படும்போது ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஜவ்வின் மேல் பகுதியிலோ ஓரத்திலோ ஓட்டை. வடிவது கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் நாறும், சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும். உங்களுடையது இந்த இரண்டாவது வகை. வடிவது குறைந்துவிட்டது, அதனால் குணமாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதனால்தான் தவறான கணக்கு.

உள்ளே நடப்பது இதுதான். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது, அதன் வழியாகத்தான் நடுக்காதுக்குக் காற்று. கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் காதில் 'டக்' என்று கேட்பது அந்தக் குழாய் திறக்கும் சத்தம். சின்ன வயதில் அடிக்கடி சளி, மூக்கடைப்பு என்று அந்தக் குழாய் சரியாக வேலை செய்யாமல் போனால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, ஜவ்வின் தளர்ந்த மேல்பகுதி உள்நோக்கி இழுபட்டுப் பை மாதிரி ஆகிவிடும். ஜவ்வின் வெளிப்பக்கம் தோல்தான். தோல் என்றால் அது தினமும் உதிரும். வெளியே உதிர்ந்தால் குரும்பியோடு தானாக வந்துவிடும், பைக்குள் உதிர்வது வெளியே வர வழியில்லாமல் அடுக்கடுக்காகச் சேரும், கிருமி பிடிக்கும், நாறும். இந்தப் பைக்குத்தான் கொலஸ்டியடோமா என்று பெயர். அது வளர வளர சுற்றியிருக்கும் எலும்பை அரிக்கும். புற்றுநோய் அல்ல, உடம்பில் வேறு எங்கும் பரவாது. ஆனால் சுவர் இடுக்கில் முளைத்த ஆலங்கன்று போல, சத்தமில்லாமல் சுவரைப் பிளந்துகொண்டே போகும். சொட்டு மருந்து அதன் இலையைக் கிள்ளுவதோடு சரி. கிருமி அடங்கும், நாற்றம் குறையும், பை அங்கேயே இருக்கும்.

குளத்துத் தண்ணீரால் இது வருவதில்லை. அதனால் உங்களைக் குளிக்க விட்டவர்கள் மேல் பழி போடவேண்டியதில்லை. எண்ணெய் ஊற்றியதும் இந்த வியாதியை உண்டாக்கவில்லை, ஆனால் ஓட்டையுள்ள காதில் எண்ணெய் ஊற்றினால் கிருமியும் காளானும் வளர நல்ல ஈரம் கிடைக்கும், அவ்வளவுதான் நடந்தது. வலி? எலும்பு மெதுவாக அரிக்கப்படும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. இந்த வியாதி இருக்கிறவர்களுக்கு வலி வந்தால்தான் நாங்கள் பயப்படுவோம், ஏனென்றால் எலும்பைத் தாண்டி வெளியே போய்விட்டதோ என்ற சந்தேகம் வரும். வலிக்காத வரை நல்லது, ஆனால் அதை ஆபத்தில்லை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தத் தலைசுற்றல்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, காதைத் துடைக்கும்போது அறை சாய்கிறது என்பது. நீங்கள் அதை ஓரமாக, நாற்றத்துக்கும் மாமியாருக்கும் நடுவில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான செய்தி.

கேட்பதற்கான உறுப்பும், நாம் விழாமல் நிற்பதற்கான சமநிலை உறுப்பும் உள்காதில் ஒட்டிப் பிறந்தவை. மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம், தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவம் அசைந்து மூளைக்குச் சேதி சொல்லும். அதைச் சுற்றி உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்பு இருக்கிறது. கொலஸ்டியடோமா அந்த எலும்பையும் அரித்து ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டால், வெளியிலிருந்து காதை அழுத்தும் அழுத்தம் நேராக அந்தத் திரவத்தைத் தள்ளும், உங்களுக்கு அறை சுற்றும். உங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நான் கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சீழ் வடியும் காதும், அழுத்தினால் சுற்றலும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் தெரியும்வரை இதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்யவேண்டும். அந்த டாக்டர் 'சீக்கிரம்' என்று சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கும். தயவுசெய்து நீங்களாக அழுத்தி அழுத்திச் சோதித்துப் பார்க்காதீர்கள், பஞ்சையும் உள்ளே விடாதீர்கள்.

நரம்பு டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூளையில் ஏதாவது இருக்கிறதா என்று அவர் பார்த்தார், இல்லை என்றார், அது நல்ல செய்தி. ஆனால் தலைக்கு எடுத்த சாதாரண எம்.ஆர்.ஐ. காதின் மெல்லிய எலும்புகளைக் காட்டாது. அதற்குக் காது எலும்புக்கென்று மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சி.டி. வேண்டும். அந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், கடைசி வரிகளில் இடது மாஸ்டாய்டு பற்றி ஒரு குறிப்பு இருந்தாலும் இருக்கும், பலர் அதை யாரிடமும் காட்டாமல் பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

கொழுந்தனாரின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அழுக்கு எடுப்பதும் எங்கள் வேலைதான், அதில் எனக்கு வெட்கமில்லை, பல நாட்களில் நோயாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவது அதற்காகத்தான். ஆனால் மூளையின் அடித்தளத்திலிருந்து கழுத்துக் காறை எலும்பு வரை, கண்ணையும் பல்லையும் முதுகெலும்பையும் விட்டுவிட்டால், மீதி பெரும்பாலும் எங்கள் பகுதி. தலைசுற்றலில் பெரும்பங்கு காதிலிருந்து வருகிறது. படுக்கையில் புரண்டால் சில நொடி சுற்றும் வகை ஒன்று இருக்கிறது, உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறுவதால் வருவது, அதை மாத்திரை இல்லாமல் தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பியே சரிசெய்வோம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், கழுத்தில் கட்டி தெரிந்தால், ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பும் ரத்தமும் வந்தால் எங்களிடம்தான் வரவேண்டும். காது நன்றாக இருந்தும் காது வலிக்கிறது என்று வருகிறவருக்கு, அதிலும் புகையிலை போடுகிறவராக இருந்தால், நாங்கள் தொண்டையையும் நாக்கின் அடியையும் பார்ப்போம், ஏனென்றால் அங்கே வரும் புற்றுநோய் அதே நரம்பு வழியாகக் காதில் வலியாகத் தெரியும். காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அதுவும் இப்படி ஒரு நரம்புச் சம்பந்தம்தான். கொழுந்தனார் ஹான்ஸ் போடுகிறவர் என்றால் அவரையும் ஒருநாள் அழைத்து வாருங்கள்.

ஆபரேஷன் என்ன செய்யும், என்ன செய்யாது

முழு மயக்கம் கொடுத்து, காதுக்குப் பின்னால் கீறி, மாஸ்டாய்டு எலும்பை மைக்ரோஸ்கோப்பின் கீழ் ட்ரில் வைத்துச் செதுக்கிக்கொண்டு போய், அந்தப் பையை வேரோடு எடுக்கவேண்டும். வியாதியின் அளவைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகலாம். பிறகு காதுக்கு மேல் இருக்கும் தசையின் உறையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புது ஜவ்வாக வைப்போம். காதுத் துளையின் பின்சுவரை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்பதில் இரண்டு முறைகள் உண்டு. சுவரை வைத்துக்கொண்டால் காது பழைய வடிவத்தில் இருக்கும், தண்ணீர் பயம் குறைவு, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு துளி மிச்சம் இருந்து மறுபடி வளரலாம், அதனால் ஒன்பது மாதம், ஒரு வருஷம் கழித்து இன்னொரு ஆபரேஷனோ விசேஷ எம்.ஆர்.ஐ.யோ தேவைப்படும். சுவரை எடுத்துவிட்டால் உள்ளே பெரிய குழி ஒன்று திறந்து இருக்கும், வியாதி திரும்பினால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஆறு மாதம் அல்லது வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளவேண்டும், அது ஆயுளுக்கும். தொடர்ந்து வந்து காட்ட முடியாத சூழ்நிலையில் இருப்பவருக்கு நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன், குறிப்பாக உங்களைப் போலத் தலைசுற்றலும் இருந்தால். உங்கள் டாக்டர் எதைச் செய்யப்போகிறார், ஏன் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள்.

வாய் கோணிப்போகுமா? முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குள்தான், ஒரு மெல்லிய எலும்புக் குழாய்க்குள் போகிறது. அதற்கு நிரந்தரமாக அடிபடும் வாய்ப்பு அனுபவமுள்ள கைகளில் நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் கீழே, ஆனால் பூஜ்யம் அல்ல. நரம்பு எங்கே இருக்கிறது என்று ஆபரேஷனின்போதே எச்சரிக்கும் கருவியும் பல இடங்களில் இருக்கிறது. இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். அந்த எலும்புக் குழாயை இந்த வியாதியே அரித்து வாயைக் கோணச் செய்யும். பக்கத்துத் தெருக்காரருக்கு ஆபரேஷனால் கோணியதா, கோணியதால் அவசரமாக ஆபரேஷன் நடந்ததா என்று விசாரித்துப் பாருங்கள், எனக்குத் தெரியாது, ஆனால் இரண்டும் நடக்கக்கூடியதே.

கேட்கும் திறன் விஷயத்தில் உங்களுக்கு இனிப்பாகப் பேச மாட்டேன். ஜவ்விலிருந்து உள்காதுக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் மூன்று குட்டி எலும்புகளில் நடு எலும்பைத்தான் இந்த வியாதி முதலில் தின்னும். அது போனால் அதைச் சரிசெய்ய உங்கள் எலும்பையே செதுக்கியோ, குருத்தெலும்பு வைத்தோ, டைட்டானியம் வைத்தோ பாலம் கட்டலாம், அதே ஆபரேஷனிலோ பிறகோ. கேட்பது கொஞ்சம் கூடலாம், அப்படியே இருக்கலாம், குறையவும் செய்யலாம். சிலருக்கு எலும்பு அரிந்த இடத்தில் அந்தப் பையே அடைத்துக்கொண்டு சத்தத்தைக் கடத்திக்கொண்டிருக்கும், அதை எடுத்ததும் முன்பைவிட மந்தமாகும். பக்கத்துத் தெருக்காரருக்கு அப்படி ஆகியிருக்கலாம். உள்காதில் ஓட்டை இருந்தால் அந்தக் காது முழுதாகச் செவிடாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், அதையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும். ஆனால் சும்மா விட்டாலும் அந்த ஓட்டை வழியாகக் கிருமி உள்ளே போய் அதே செவிட்டில் முடியலாம், கூடவே மூளைக்காய்ச்சல், மூளையில் சீழ்க்கட்டி என்ற பயமும் உண்டு. காதுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் எலும்புத் தகடு அவ்வளவு மெல்லியது. நாக்கின் இடது பக்கம் சில மாதம் இரும்பு ருசி வரலாம், சாப்பாடு பிடிக்காது, அது பெரும்பாலும் சரியாகிவிடும்.

உங்கள் நல்ல காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் இணைத்த ஆடியோகிராமில் (கேட்கும் திறன் சோதனையின் வரைபடத்தில்) இடது காதில் 55 டெசிபல் குறை, அது எதிர்பார்த்ததுதான். வலது காதின் கோடு மற்ற இடங்களில் சரியாக வந்து 4000 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்து மறுபடி ஏறுகிறது. அது தறிச் சத்தத்தின் கையெழுத்து. தறிகள் ஓடும் கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம், எட்டு மணி நேர ஷிப்டுக்கு நம் தொழிற்சாலை விதி வைத்திருக்கும் எல்லையே 90 தான், அதுவே அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சத்தத்தால் போனதை எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது. பஞ்சு அடைத்துக்கொண்டால் போதும் என்று கூடத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள், பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. வலது காதுக்கு நுரை இயர் பிளக், சீழ் உள்ள இடது காதில் எதையும் அடைக்காமல் ஹெட்போன் மாதிரி மேலே மூடும் காதுக்கவசம். முதலாளி வாங்கித் தரவேண்டும், தராவிட்டால் பிளக் மட்டுமாவது நீங்களே வாங்குங்கள், பெரிய விலை இல்லை.

பணம், சான்றிதழ், உங்கள் உரிமை

தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகையைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் நாட்டு மருந்துக்குப் போகலாம் என்று சொல்கிறார் போல. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் செய்துகொள்ளலாம், காப்பீட்டு மேஜையில் இருப்பவரிடம் ஆபரேஷன் பெயரைக் காட்டி முன் அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் திட்ட மையத்தில் பதியவேண்டும். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது பெருந்துறை, சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகள். மாஸ்டாய்டு ஆபரேஷன் மருத்துவக் கல்லூரிகளின் காதுப் பிரிவுகளில் வழக்கமாக நடப்பது. ஜி.எச். என்றால் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, சீழ்க் காதுகளை அங்கே பார்க்கிற அளவுக்கு வேறு எங்கும் பார்ப்பதில்லை. வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த வழியும் இருக்கிறது.

ஊனச் சான்றிதழ் யோசனையை விட்டுவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கேட்கும் குறை என்பதே இரண்டு காதிலும் 60 டெசிபலிலிருந்து கணக்கு. உங்கள் வலது காது நன்றாக இருக்கிறது, ஒரு காதை வைத்துச் சலுகைக்குத் தேவையான 40 சதவீதம் வராது. அப்படியே வந்தாலும் சான்றிதழ் எலும்பு அரிப்பை நிறுத்தப்போவதில்லை.

இரண்டாவது கருத்துக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, யாரிடமும் அனுமதி வாங்கவேண்டாம். உங்கள் சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 விதிமுறை சொல்கிறது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட் காகிதத்தோடு படம் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள், அடுத்த டாக்டருக்குப் படம்தான் வேண்டும். ஆனால் இரண்டாவது கருத்து என்பது இரண்டு வாரத்தில் முடியவேண்டியது. 'ஆபரேஷன் வேண்டாம்' என்று சொல்கிற ஒருவர் கிடைக்கும்வரை அலைவதற்குப் பெயர் அது அல்ல. கையெழுத்துப் போடவேண்டியதும் நீங்கள்தான், 36 வயதுப் பெண்ணுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து சட்டப்படி கட்டாயமில்லை, இருந்தாலும் அவரையும் ஒருமுறை டாக்டர் முன்னால் உட்கார வைத்து, ஸ்கேன் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். எலும்பு இல்லாத இடத்தைக் கண்ணால் பார்த்தால் பேச்சு மாறும்.

அதுவரை

காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதுத் துளையின் முகப்பில் மட்டும் அடைத்துக்கொள்ளுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தலைக்கு வைக்கலாம், காதில் ஒரு சொட்டும் வேண்டாம், பூண்டு எண்ணெய், தாய்ப்பால், மூலிகைச் சாறு எதுவும். மெடிக்கலில் கொடுக்கும் சொட்டு மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல, ஜென்டமைசின், நியோமைசின் சேர்ந்தவை ஓட்டை வழியாக உள்ளே போனால் உள்காதையே கெடுக்கலாம். டாக்டர் எழுதித் தந்த மருந்து மட்டும், அதையும் பாட்டிலைக் கையில் கொஞ்ச நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள், குளிர்ந்த மருந்தே தலையைச் சுற்ற வைக்கும். மொபெட் ஓட்டுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள், கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

கடும் தலைவலியோடு காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, காதுக்குப் பின்னால் வீக்கம், வாய் ஒரு பக்கம் இழுப்பது, நிற்காத சுற்றல், திடீரென்று காது முழுதாக அடைத்துப்போவது, வலிப்பு, பேச்சுக் குழறல், இதில் ஒன்று வந்தாலும் காலை ஓ.பி.க்குக் காத்திருக்காமல் ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். 108-க்குச் சொல்லுங்கள். போனதும் 'தலைவலி' என்று மட்டும் சொல்லாமல் 'சீழ் வடியும் காது இருக்கிறது' என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்தால் மூன்று நான்கு வாரம் தறிக்கூடம் வேண்டாம். பாரம் தூக்காமல், மூக்கைப் பலமாகச் சிந்தாமல், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். முதலாளியிடம் இப்போதே சொல்லிவைத்தால் அட்வான்ஸ் விஷயத்தில் பிறகு பேச்சு வராது.

நாற்றத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. அது சுத்தக்குறைவால் வருவது அல்ல, நீங்கள் எத்தனை தடவை குளித்தாலும் போகாது, பையை எடுத்தால் போகும். மாமியாரிடம் மறைத்து வைத்த விஷயம் என்று இத்தனை வருஷம் கழித்தும் பயப்படுகிறீர்கள். எட்டு வயதில் வந்த வியாதிக்கு நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை.

மகள்

இந்த வியாதி அப்படியே பரம்பரையாக வருவதில்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஆனால் அவளை இந்த மாதமே ஒரு ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து தூங்குகிறாள், குறட்டை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று மூன்றும் சேர்ந்தால் மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெருத்து, நான் மேலே சொன்ன அந்தக் குழாயை அடைத்து, ஜவ்வுக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருக்க வாய்ப்பு நிறைய. வலிக்காது, வடியாது, அதனால் வீட்டில் தெரியாது. டீச்சர் 'கவனமில்லை' என்பார், வீட்டில் 'பிடிவாதம்' என்பார்கள், குழந்தைக்குப் பாதி கேட்டிருக்காது. காதில் காற்றழுத்தம் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, ஊசி கிடையாது, இரண்டு நிமிஷம்.

நீர் இருந்தாலும் உடனே ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் பயப்படவேண்டாம், பாதிக்கு மேல் தானாக வற்றிவிடும். மூன்று மாதம் பார்த்து, தேவைப்பட்டால் மூக்குக்கு ஸ்பிரே கொடுத்து, மறுபடி சோதிப்போம். அப்படியும் வற்றாமல் கேட்பது குறைந்தே இருந்தால் அடினாய்டை எடுத்து, ஜவ்வில் குரோமெட் என்ற குட்டிக் குழாய் வைப்பார்கள், ஆறு மாதம் ஒரு வருஷத்தில் அது தானாக விழுந்துவிடும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்கக்கூடாது. ஒரு ராத்திரி அவள் தூங்கும்போது மொபைலில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், சத்தத்தோடு. பள்ளியில் அதுவரை முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.